இஸ்திரிப் பெட்டியின் பிளக் முதல் வீட்டின் எர்த் வரை: வீட்டு மின்சாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் பெரம்பூர்க் குடியிருப்பில் அன்று யார் வீட்டு அடுப்பிலும் மீன் ஏறாது. ஆனால் காலை எட்டு மணிக்குக் கூடத்தில் கவுச்சி வாடை. "கீழ் வீட்டில் மீன் குழம்பா அம்மா?" என்று கேட்ட மகள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். விரல் வைக்க முடியாத சூடு. சற்று ஆறவிட்டுப் பிடுங்கினால், சுவிட்ச் போர்டின் வெள்ளைத் தகட்டில் வலப்புறத் துளையைச் சுற்றிக் காப்பி நிறத்தில் ஒரு வளையம்.

பிளக், சுவிட்ச் ஆகியவற்றுக்குப் பயன்படும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் சில வகைகள் அளவு மீறிச் சூடேறினால் மீன் கெட்டதுபோல் நாறும். காரணம் தெரியாமல் வீட்டில் கவுச்சி அடித்தால், குப்பைத் தொட்டியைக் கிளறும் முன் சுவிட்ச் போர்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள்.

பிளக்கைத் திறந்தேன். ஃபேஸ் கம்பியைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து, கம்பி கறுத்திருந்தது. சூட்டுக்குக் காரணம் அதுதான். ஆனால் என்னை உலுக்கியது மூன்றாவது கம்பி. பச்சைக் கம்பியை யாரோ உறையோடு நறுக்கி, உள்ளே மடக்கி வைத்திருந்தார்கள். எர்த் முள்ளில் எதுவுமே இணைக்கப்படவில்லை. அந்தப் பெட்டி பழுது பார்க்கப் போய் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமாக என் மகள் எர்த் இல்லாத இரும்பைக் கையில் பிடித்திருக்கிறாள். பெட்டி ஒரு நாள்கூட வேலை செய்யாமல் நின்றதில்லை.

என் அப்பா வயர்மேன். ஓட்டேரி, அயனாவரம் பக்கம் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். எந்தப் பிளக்கைத் திறந்தாலும் அவர் கண் முதலில் போவது எர்த் திருகுக்குத்தான். "விளக்கு எரிகிறதா என்று வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள். எர்த் இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்" என்பார். ஃபேஸ் போனால் சாதனம் நின்றுவிடும். நியூட்ரல் போனாலும் நின்றுவிடும். எர்த் போனால் ஒன்றும் ஆகாது. மிக்ஸி அரைக்கும், கிரைண்டர் சுற்றும், இஸ்திரிப் பெட்டி சுடும். ஆகவே யாருக்கும் தெரியாது. இந்த வழிகாட்டியை அந்தத் தெரியாத கம்பிக்காகவே எழுதுகிறேன்.

நம் வேலை எதுவரை

சுவருக்குள் போகும் வயரிங், புதிய பாயின்ட் போடுவது, மெயின் போர்டைத் தொடுவது ஆகியவை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். மீட்டரும் அதற்கு முன்னால் முத்திரையிட்ட பகுதியும் மின்வாரியத்துக்குச் சொந்தம். அங்கே கைவைக்கவே கூடாது. விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றையும் வீட்டுச் சாதனங்களின் உதிரிகளையும் அதே திறனில் மாற்றிக்கொள்வதற்கு விதி இடம் தருகிறது. இஸ்திரிப் பெட்டிக்குப் புதுப் பிளக் போடுவது இதில் அடங்கும். சுவிட்சைச் சட்டம் அனுமதித்தாலும், பழக்கம் இல்லாதவர்கள் போர்டைத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் பின்னால் வருகிறது.

மூன்று கம்பிகள்

சென்னை வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். ஃபேஸ் வழியாக மின்சாரம் சாதனத்துக்குள் வருகிறது, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதனால்தான் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஃபேஸை மட்டும் தொட்டாலும் ஷாக் அடிக்கிறது. நம் உடல், மண் வழியாகச் சுற்றை முழுமையாக்கிவிடுகிறது.

எர்த் கம்பியில் சாதாரணமாக மின்சாரம் ஓடாது. சாதனத்தின் உலோக உடலை அது வீட்டின் எர்த் குழியோடு, அதாவது மண்ணோடு, இணைத்துவிட்டுக் காத்திருக்கிறது. உள்ளே ஃபேஸ் கம்பியின் உறை உரிந்து உலோகத்தைத் தொட்டுவிட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து, ஃபியூஸையோ எம்.சி.பி.யையோ (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழ வைக்கும். எர்த் இல்லையென்றால் எதுவும் விழாது. உலோக உடல் 230 வோல்ட்டோடு, தொடப்போகும் கைக்காகக் காத்திருக்கும்.

நிறங்களில் இரண்டு பொறிகள் உண்டு. இன்று வரும் சாதனங்களின் வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். பழைய வயரில் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. பழுப்பைப் பார்த்ததும் மண்ணின் நிறம், ஆகவே எர்த் என்று எண்ணிவிடாதீர்கள். கைப்பழக்கம் இல்லாதவர்கள் செய்யும் மிக மோசமான தவறு அது. பிளக்கைச் செருகிய நொடியில் சாதனத்தின் உடல் எங்கும் மின்சாரம் ஏறிவிடும். இரண்டாவது பொறி நீலம். சாதன வயரில் நீலம் நியூட்ரல். ஆனால் மும்முனை இணைப்புள்ள வீடுகளின் சுவர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். அந்தச் சுவரிலிருந்து நீலம் வெளியே வந்தால் அது நியூட்ரல் இல்லை. பழுப்பு, நீலம், பச்சை என்ற பாடம் சாதன வயருக்கு மட்டும்தான். சுவர்க் கம்பியில் நிறத்தை நம்பக் கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும். போர்டைத் திறக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம்.

ஆறா, பதினாறா

நம் பிளக்குகள் இரண்டு அளவில் வருகின்றன. சிறியது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். முன்பு இவற்றை 5, 15 என்பார்கள். கடைக்காரர்கள் பலர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். கணக்கு எளிது. சாதனத்தின் வாட் அளவை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர் எடுக்கும். சிறிய பிளக் போதும். 2000 வாட் கீசர் அல்லது இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர், பெரிய பிளக்கும் பெரிய பாயின்ட்டும் கட்டாயம். சிறிய பிளக்கின் எல்லை 1380 வாட். 16 ஆம்பியர் பிளக்கைச் சிறிய பாயின்ட்டில் செருக உதவும் மாற்றுப் பெட்டி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. கீசருக்கு அதை வாங்கியவர்கள் வீட்டில்தான் நான் அதிகம் கருகிய பாயின்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

நம் பிளக்கைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த உருண்டை முள் பிளக் பிரிட்டனிலிருந்து வந்தது. 1947-இல் அவர்கள் செவ்வக முள் உள்ள புதிய பிளக்குக்கு மாறத் தொடங்கினார்கள். அதற்குள் ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கும். நம் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. மெல்லிய வயரைப் பெரிய பாயின்ட்டில் செருகினால், அந்த வயர் சூடேறி உருகும் வரை 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி. சும்மா இருக்கலாம். ஆகவே வயரின் தடிமன் சரியாக இருப்பது நம் பொறுப்பு. 6 ஆம்பியர் பிளக்குக்கு 0.75 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வாங்குங்கள். மூன்று கம்பிகள் உள்ளதாகவும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொறித்ததாகவும் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டிக்குத் துணி பின்னிய வயரே வேண்டும். சூடான அடிப்பகுதி உரசினால் சாதாரண பி.வி.சி. உறை உருகி வழிந்துவிடும்.

கடையில் 'பிளக் டாப்' அல்லது 'திரீ பின் டாப்' என்று கேளுங்கள். கையில் வாங்கியதும் எர்த் முள்ளைப் பாருங்கள். மற்ற இரண்டைவிட அது தடிமனாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். செருகும்போது எர்த் முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடுபடுவதற்காகவே அந்த நீளம். முட்கள் ஆடக் கூடாது. வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் உள்ளே இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். பாரிமுனைக் கடைகளில் இருபது ரூபாய்க்கும் பிளக் கிடைக்கும். அந்தக் கிளிப் இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பிளக் மாட்டுதல்

சாதனத்தைப் பாயின்ட்டிலிருந்து பிடுங்கி, பிளக்கை உங்கள் கண் முன்னே மேசைமேல் வையுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. பழைய பிளக்கை வெட்டி எடுங்கள். கருகிய பகுதியிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி, செம்பு பளபளவென்று தெரியும் இடத்தில் வெட்ட வேண்டும். கறுத்த செம்பை மீண்டும் திருகுக்கு அடியில் வைத்தால் அதே சூடு திரும்பி வரும்.

வெளி உறையை நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு உரியுங்கள். கத்தியை ஆழமாக இறக்காமல், உறையின் மேல் மெல்லச் சுற்றிக் கீறிவிட்டு வளைத்தால் தானாகப் பிளந்துவிடும். பிறகு மூன்று கம்பிகளையும் பிளக்கின் அடித்தட்டில் வைத்து அளவு பாருங்கள். ஃபேஸும் நியூட்ரலும் தத்தம் திருகை எட்டும் நீளம் போதும். எர்த் கம்பியை மட்டும் ஒரு சென்டிமீட்டர் அதிகமாக விட்டு, உள்ளே வளைந்து கிடக்கும்படி வையுங்கள். யாராவது வயரில் தடுக்கி இழுத்தால் மற்ற இரண்டும் முதலில் பிய்ந்து வரட்டும், எர்த் கடைசி வரை பிடித்திருக்கட்டும்.

ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு சென்டிமீட்டர் உறையை நீக்குங்கள். 0.75 அளவு வயரில் தலைமுடி போன்ற 24 இழைகள் இருக்கும். வெட்டும்போது நான்கைந்து இழை அறுந்து விழுந்தால் அந்த இடத்தில் வயர் மெலிந்துவிட்டது என்று பொருள். நுனியை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். எனக்கு இன்றும் முதல் முறையே சரியாக வருவதில்லை, இரண்டாவது முறை வந்துவிடும். இழைகளை வலப்பக்கமாக முறுக்குங்கள். துளைக்குள் செருகித் திருகும் வகைப் பிளக் என்றால் நுனியை இரட்டையாக மடியுங்கள். திருகைச் சுற்றிப் போடும் வகை என்றால் கடிகாரம் சுற்றும் திசையிலேயே வளையம் போடுங்கள்; இறுக்கும்போது கம்பி உள்ளே இழுபடும், வெளியே பிதுங்காது. முறுக்கிய நுனியில் ஈயம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கித் தளர்ந்துவிடும். வெறும் செம்புதான் நல்லது.

இனி எது எங்கே. பிளக்கின் உள்ளே ஒவ்வொரு முள்ளுக்குப் பக்கத்திலும் ஆங்கில எல், என், ஈ எழுத்துகள் பொறித்திருக்கும். எல் ஃபேஸ், என் நியூட்ரல், ஈ எர்த். எழுத்தையே பின்பற்றுங்கள். சுவரில் உள்ள பாயின்ட்டை நேராகப் பார்க்கும்போது மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். பிளக்கின் முட்களை நம் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தால் இடம் வலமாக மாறிவிடும். இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

முதலில் எர்த்தை இறுக்குங்கள். பிறகு நியூட்ரல், கடைசியில் ஃபேஸ். ஒவ்வொன்றையும் இறுக்கியதும் இரண்டு விரலால் பிடித்து நன்றாகவே இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது. திருகுக்கு அடியில் உறை சிக்கியிருக்கிறதா, ஓர் இழையாவது வெளியே நீட்டிக்கொண்டு அடுத்த முள்ளை நோக்கிப் போகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வயர் கிளிப் வெளி உறையைப் பிடிக்க வேண்டும். அது உள்ளே உள்ள வண்ணக் கம்பிகளைப் பிடித்திருந்தால் வெளி உறையை அதிகமாக உரித்துவிட்டீர்கள்.

ஒரு திருகு தளர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இஸ்திரிப் பெட்டியின் 4.3 ஆம்பியர் அதன் வழியே போகும்போது அந்தப் புள்ளியில் 9 வாட் வெப்பம் பிறக்கும். கீசரின் 8.7 ஆம்பியர் போனால் 38 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைப் பிளக்குக்குள் மூடி வைத்ததற்குச் சமம். எம்.சி.பி. இதைக் கவனிக்காது, அதன் கண்ணுக்கு 8.7 ஆம்பியர் முறையான அளவு.

செருகும் முன் சோதனை

வோல்ட், ஓம் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வீட்டில் இருக்க வேண்டிய பொருள். அதை ஓம் அளவில் வைத்து, பிளக் பாயின்ட்டில் செருகப்படாத நிலையில் மூன்று அளவுகள் எடுங்கள்.

முதலாவது, எர்த் முள்ளுக்கும் சாதனத்தின் உலோக உடலுக்கும் இடையே. இஸ்திரிப் பெட்டியில் பளபளக்கும் அடித்தகடு அல்லது ஒரு திருகின் தலையில் முனையை அழுத்தினால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். என் மகளின் பெட்டியில் இந்தச் சோதனையை அந்த எட்டு மாதத்தில் ஒரு முறை செய்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. இரண்டாவது, ஃபேஸ் முள்ளுக்கும் நியூட்ரல் முள்ளுக்கும் இடையே. சூட்டுக் குமிழைத் திருப்பி வைத்தால் 1000 வாட் பெட்டி ஏறத்தாழ 50 ஓம் காட்டும், 750 வாட் பெட்டி 70 ஓம். பூஜ்யம் காட்டினால் உள்ளே ஷார்ட், செருகவே கூடாது. மூன்றாவது, எர்த் முள்ளுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தனித்தனியாக. மீட்டரின் உச்ச அளவிலும் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் மின்சாரம் உடலுக்குக் கசிகிறது.

மூன்றும் சரியென்றால் செருகுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். சுடுகிறதென்றால், மாட்டிய பிளக் சரியாக இருந்தாலும் பாயின்ட்டின் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்விகள் தளர்ந்துவிட்டன. ஒரு முறை கருகிய பாயின்ட்டையும் பிளக்கோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். பழைய பாயின்ட் புதுப் பிளக்கையும் ஒரு மாதத்தில் எரித்துவிடும்.

சுவரில் எர்த் இருக்கிறதா

பிளக்கில் எர்த்தை எவ்வளவு அழகாக மாட்டினாலும், சுவரில் அந்தத் துளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்றால் பயனில்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ராயபுரம் பகுதிகளின் பழைய வீடுகளில் இரண்டு கம்பி வயரிங் இன்னும் உண்டு. மூன்று துளைப் பாயின்ட்டை வாங்கி மாட்டியிருப்பார்கள், மேல் துளை காலி. வேறு சில வீடுகளில் தெருவிலிருந்து வரும் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகக் கட்டியிருந்தார்கள். பிற்பாடு பிளம்பர் வந்து குழாயின் ஒரு பகுதியைப் பி.வி.சி.யாக மாற்றினார், எர்த் அன்றோடு அறுந்தது. பிளம்பருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனை, மூன்று சிறிய விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டர் பிளக். ஒவ்வொரு பாயின்ட்டிலும் செருகினால், எர்த் இல்லை, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன என்பதையெல்லாம் விளக்குகளின் சேர்க்கையில் சொல்லிவிடும். அதற்கும் எல்லை உண்டு. எர்த் இணைந்திருக்கிறதா என்று சொல்லும், அது நல்ல எர்த்தா என்று சொல்லாது. ஒரு கணக்குப் போடுங்கள். எர்த் குழியின் தடை 10 ஓம் என்றால், ஃபேஸ் உடலைத் தொட்டதும் பாய்வது 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவுக்கு உடனே விழாது. பல நிமிடங்கள் யோசிக்கும். ஆகவே வயர்மேனை அழைத்து எர்த் டெஸ்டர் கொண்டு அளக்கச் சொல்லுங்கள், எத்தனை ஓம் என்று கேட்டு எழுதி வையுங்கள். மே மாதத்தில் அளப்பது நல்லது. மண் வறண்டு கிடக்கும்போது வரும் அளவுதான் உண்மையான அளவு. கோடையில் எர்த் குழியில் வாரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றும் வழக்கத்துக்குப் பொருள் அதுவே. அடுக்குமாடிகளில் அந்தக் குழி கார் நிறுத்தும் தளத்துக்கு அடியில் சிமென்ட் பூசி மறைந்திருக்கும். சங்கக் கூட்டத்தில் வண்ணப்பூச்சு பற்றிப் பேசும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுக்கலாம்.

கையில் வைத்திருக்கும் திருப்புளி டெஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் நியான் விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது. எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று அர்த்தமில்லை, டெஸ்டர் பழுதாகியிருக்கலாம். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த பாயின்ட்டில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு சோதிக்க வேண்டிய இடத்தில் வைத்து, மறுபடியும் பழைய பாயின்ட்டில் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

செய்யவே கூடாதவை

பாயின்ட்டில் எர்த் இல்லாதபோது சிலர் எர்த் துளையை நியூட்ரலோடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். டெஸ்டர் பிளக்கில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் அந்த நியூட்ரல் எங்கேயாவது ஒரு நாள் அறுந்தால், ஃபேஸ் மின்சாரம் சாதனத்தின் வழியாக நியூட்ரலுக்கு வந்து, அந்தத் துண்டுக் கம்பி வழியாக உலோக உடலுக்கு ஏறிவிடும். பழுதே இல்லாத ஃபிரிட்ஜின் கதவு ஷாக் அடிக்கும். எர்த் இல்லாத வீட்டைவிட இந்த வீடு ஆபத்தானது. உங்கள் வயர்மேன் அப்படிச் செய்திருந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளையில் பென்சிலையோ தீக்குச்சியையோ விட்டு அழுத்தும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மற்ற இரண்டு துளைகளை மூடியிருக்கும் கதவு, எர்த் முள் நுழைந்தால்தான் திறக்க வேண்டும் என்று குழந்தைகளின் விரலுக்காக அமைத்தது. அதைத் திறக்கும் வித்தையைக் குழந்தை கண் முன்னே நாமே செய்து காட்டுகிறோம். பிளக்கே இல்லாமல் வெறுங்கம்பிகளைத் துளையில் சொருகித் தீக்குச்சியால் இறுக்குவதும் அதே வகைதான். கோயில் திருவிழா, கல்யாணப் பந்தல் சீரியல் விளக்குகளில் இன்றும் பார்க்கிறேன்; பார்க்கும் இடத்தில் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இண்டக்ஷன் அடுப்பு, கெட்டில் இரண்டையும் ஒன்றாகச் செருக வேண்டாம். சுருட்டிய நிலையில் அந்த வயரைப் பயன்படுத்தவும் வேண்டாம், சூடு வெளியேற வழியிருக்காது.

போர்டைத் திறக்க வேண்டாம் என்று சொன்னதற்கு இரண்டாவது காரணம் இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டால் வீடு முழுக்க மின்சாரம் இல்லை என்று நம்பிவிடுகிறோம். விளக்கும் விசிறியும் ஓடும் கம்பிகளில் இன்வெர்ட்டர் அதே 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். வயர்மேன் வந்தால்கூட, "இன்வெர்ட்டரை அணைத்தீர்களா?" என்று நீங்கள் கேளுங்கள். மூன்றாவது காரணம், மும்முனை வீடுகளில் அடுத்தடுத்த போர்டுகள் வேறு வேறு ஃபேஸில் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே 400 வோல்ட்.

மழையும் உப்புக் காற்றும்

திருவொற்றியூர் முதல் திருவான்மியூர் வரை கடலோரம் குடியிருப்பவர்கள் ஆண்டுக்கு இரு முறையாவது பிளக் முட்களைப் பார்க்க வேண்டும். பித்தளையில் பச்சைப் பூச்சு படிந்தால் தொடுதல் கெடும், சூடு ஏறும். லேசாக என்றால் பிடுங்கிய நிலையில் உப்புத்தாளால் தேய்க்கலாம். குழி விழுந்திருந்தால் பிளக்கையே மாற்றுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தள வீடுகளில் பாயின்ட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். உள்ளே வந்துவிட்டால், அதில் நடந்து போய் மெயினை அணைக்க முயல வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லித் தெருவின் இணைப்பையே நிறுத்தச் சொல்லுங்கள். தெருவில் உள்ள மின்வாரியப் பில்லர் பெட்டிகளிடமிருந்தும் விலகியே நடக்க வேண்டும். வடிந்த பிறகு, நனைந்த பாயின்ட்டுகளையும் சாதனங்களையும் வயர்மேன் இன்சுலேஷன் பார்த்துச் சொல்லும் வரை தொடாதீர்கள். வெளியே காய்ந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் நாட்கணக்கில் தேங்கியிருக்கும்.

ஷாக் அடித்துவிட்டால்

ஒருவரை மின்சாரம் பிடித்திருக்கும்போது அவரைத் தொடாதீர்கள். சுவிட்சையோ மெயினையோ அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போன்றவற்றால் அவரைக் கம்பியிலிருந்து தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை மார்பின் நடுவில் இரு கைகளாலும் வேகமாக, ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்றாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தோலில் சின்னப் புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே பெரிதாக இருக்கலாம், இதயத் துடிப்பும் பிறகு தடுமாறலாம்.

ஆர்.சி.சி.பி.

எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஒரு 7 வாட் விளக்கு எடுப்பது சுமார் 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு மார்பு வழியாகச் சில நொடிகள் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுவதற்கு அதைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேல் வேண்டும். மின்கசிவைக் கண்டால் அணையும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. வேறு வகையில் வேலை செய்கிறது. ஃபேஸில் போன மின்சாரம் முழுதும் நியூட்ரலில் திரும்பியதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். எர்த் இல்லாத பழைய வீட்டிலும் உங்கள் உடல் வழியாகக் கசிவதை அது பார்த்துவிடும். ஆகவே வாடகை வீட்டில் எர்த் குழி தோண்ட உரிமையாளர் இழுத்தடித்தால், முதலில் இதையாவது போடச் சொல்லி வற்புறுத்துங்கள். வயர்மேனுக்கு ஒரு மணி நேர வேலை. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது, அப்போது நீங்களும் ஒரு விளக்கைப்போலத்தான்.

அதன் முகத்தில் ஆங்கில டி எழுத்துள்ள ஒரு சிறிய பட்டன் இருக்கும். நான் மாதத்தின் முதல் தேதி, பால் கணக்கு எழுதி முடித்ததும் அதை அழுத்துகிறேன். டக்கென்று விழ வேண்டும். அதன் நெம்புகோல் கீழே இறங்கி வீடு இருண்டதும் மேலே தூக்கிவிடுகிறேன். அழுத்தியும் விழவில்லையென்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

மகளின் இஸ்திரிப் பெட்டிக்கு இப்போது புது வயர், புது பிளக், புது பாயின்ட். பிளக்கை மாட்டியது அவள்தான். எர்த் திருகை இறுக்கியதும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அடித்தகட்டில் வைத்துக்கொண்டு, "பூஜ்யம்தான் காட்டுகிறது அம்மா" என்றாள்.